கேள்வி சரி, கேட்க வேண்டிய இடம் வேறு

சென்ற மாதம் ஒரு மாலை, பட்டரவாக்கம் ரயில் நிலையத்தை ஒட்டிய சந்து ஒன்றில் நாம் கண்ட காட்சி இது. பகல் ஷிப்டு முடிந்து வந்த லேத் தொழிலாளி ஒருவர் ஒண்டுக் குடித்தன வாசலில் உட்கார்ந்திருக்கிறார். எதிரே 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வேலை செய்யும் சகோதரி ஒருவர். தோளில் பை. பைக்குள் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, சர்க்கரை பார்க்கும் கருவி, மாத்திரைகள். கையில் கைபேசி. விரல் நுனியில் ஒரு குத்து, ஒரு சொட்டு இரத்தம், சில விநாடி. கருவி 268 என்று காட்டுகிறது. அதைக் கைபேசியில் பதிந்துகொண்டே சகோதரி கேட்கிறார்:

"அண்ணே, நேரத்துக்குச் சாப்பிடுறீங்களா?"

"நேரம் நம்ம கையிலயா இருக்கு, தங்கச்சி?"

"தினமும் கொஞ்சம் நடக்கணும்ணே."

"எட்டு மணி நேரம் மிஷின் முன்னாடி நிக்கிறேன். அதுக்கப்புறம் ஓ.டி. நடக்கிறதுக்கு எங்க போக?"

சகோதரிக்கு மேலே பேச வார்த்தையில்லை. மாத்திரையைக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அவர் கேட்டதில் தவறு ஒன்றுமில்லை. எந்த டாக்டரும் அதைத்தான் கேட்பார். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய இடம் அந்த வீட்டு வாசல்தானா? நேரத்துக்குச் சாப்பிட விடாதவன் யாரோ, அவனுடைய வாசலில் போய் இதை யார் கேட்பது? இந்த வாரம் உழைப்பாளி மக்கள் முன் நாம் வைக்கும் பிரச்னை இதுதான்.

நீரிழிவைப் பணக்காரர் வியாதி என்று சொல்லி வந்த காலம் ஒன்று உண்டு. உட்கார்ந்து தின்பவனுக்கு வருவது, ஓடியாடி உழைப்பவனை அண்டாது என்று நம் ஜனங்களும் நம்பினார்கள். அந்த நம்பிக்கை பொய்த்துவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்த ஆய்வின் முடிவு 2023ல் வெளிவந்தது. நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் இந்த வியாதி இருக்கிறது; இன்னும் 13 கோடிப் பேர் அதன் வாசற்படியில் நிற்கிறார்கள் என்றது அது. தமிழ்நாட்டில் 2020ல் நடந்த இன்னொரு கணக்கெடுப்பு இன்னும் கசப்பானது. வயது வந்தவர்களில் நூற்றுக்கு 17 பேருக்கு மேல் நீரிழிவு. அந்த வியாதிக்காரர்களில் சர்க்கரை கட்டுக்குள் இருப்பவர்கள் நூற்றுக்கு 11 பேர் கூட இல்லை!

நூற்றுக்கு 89 பேர் கட்டுப்பாட்டுக்கு வெளியே இருக்கிறார்கள் என்றால், அத்தனை பேரும் சோம்பேறிகளா? வாயைக் கட்டத் தெரியாதவர்களா? அப்படிச் சொல்லுகிற மேதாவிகள் இருக்கிறார்கள். ரேஷன் அரிசிச் சோறும், தண்ணீராய் ஓடும் குழம்பும், நடுநிசியில் பசியை அடக்க இரண்டு தேநீரும் நாலு பிஸ்கட்டும்தான் நம் தொழிலாளியின் ஆகாரம் என்பதை அவர்கள் பார்த்ததில்லை. காய்கறி விலை அவர்களுக்குத் தெரியாது. இரவு முழுதும் கண் விழித்துப் பகலில் தகரக் கூரையின் கீழ் புரண்டு படுக்கிறவன் உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாது என்று விஞ்ஞானிகள் சொல்வதும் அவர்கள் காதுக்கு எட்டவில்லை.

சர்க்கார் செய்ததில் நல்லது இருந்தால் நல்லது என்று சொல்ல நாம் தயங்குவதில்லை. 2021 ஆகஸ்ட் 5ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' நல்ல திட்டம். மாத்திரை வாங்க ஆஸ்பத்திரி வரிசையில் அரை நாள் நிற்பது என்றால் அரை நாள் கூலி போயிற்று என்று அர்த்தம். அதனால்தான் பாதிப் பேர் மாத்திரையை நிறுத்தினார்கள். இப்போது மாத்திரை வீடு தேடி வருகிறது. படுக்கையில் கிடப்பவருக்குப் பராமரிப்பும் பிசியோதெரபியும் வருகின்றன. 2024ல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் இத்திட்டத்துக்குக் கிடைத்தது. அதே வருஷம் ஜனவரியில் தொழிற்சாலைகளுக்கே சென்று தொழிலாளரைப் பரிசோதிக்கும் ஏற்பாடும் அறிவிக்கப்பட்டது. இவற்றையெல்லாம் வரவேற்கிறோம். பெற்றதை விட்டுக் கொடுக்காமல் காப்பதும் தொழிலாளி வர்க்கத்தின் வேலைதான்.

ஆனால் இத்துடன் ஒரு புதிய மோகமும் கிளம்பியிருக்கிறது. எதற்கெடுத்தாலும் கைபேசிச் செயலி! கணக்கு எழுதச் செயலி, நினைவூட்டச் செயலி, நோயாளி தன் வியாதியைத் 'தானே நிர்வகிக்க'ச் செயலி. தனியார் கம்பெனிகள் சந்தா வசூலித்துக்கொண்டு இந்த வியாபாரத்தில் இறங்கியிருக்கின்றன. டாக்டர் வேண்டாம், நர்ஸ் வேண்டாம், கையில் கைபேசி இருந்தால் போதும் என்ற பாவனையில் பேச்சு நடக்கிறது.

செயலியை நாம் வெறுக்கவில்லை. தறியைக் கண்டு நடுங்கியவர்களின் வாரிசுகள் அல்ல நாம். கருவி யார் கையில், யாருக்காக என்பதுதான் எப்போதும் நம் கேள்வி. இந்த விஷயத்தில் விஞ்ஞானம் என்ன சொல்கிறது என்பதைத் தோழர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

சென்னையைச் சேர்ந்த டாக்டர் அ. ராமச்சந்திரனும் அவருடைய சகாக்களும் 2013ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. நீரிழிவின் வாசற்படியில் நின்ற, வேலைக்குப் போகும் ஆண்கள் 537 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஆகாரம், நடை பற்றிய யோசனை எல்லோருக்கும் சொல்லப்பட்டது. ஒரு பிரிவுக்கு மட்டும் கைபேசியில் அடிக்கடி குறுஞ்செய்தி அனுப்பி நினைவூட்டினார்கள். இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால், செய்தி பெற்ற பிரிவில் நூற்றுக்கு 18 பேருக்கும், பெறாத பிரிவில் நூற்றுக்கு 27 பேருக்கும் வியாதி வந்திருந்தது. விலையுயர்ந்த கைபேசி கூடத் தேவைப்படவில்லை. சாதாரணக் குறுஞ்செய்தி! இது சிறிய லாபம் அல்ல.

அடுத்ததைப் பாருங்கள். ஹரியானாவிலும் கர்நாடகத்திலும் 40 சமுதாய சுகாதார நிலையங்களில் நடந்த ஆய்வின் முடிவு 2019ல் வந்தது. பாதி நிலையங்களில் நர்ஸ்கள் கையில் கருவியும், அதில் சிகிச்சை யோசனை சொல்லும் செயலியும் தரப்பட்டன. மீதி நிலையங்களில் செயலி இல்லை. ஆனால் டாக்டர்களுக்குப் பயிற்சியும், சிகிச்சை முறை எழுதிய அட்டைகளும் கொடுத்தார்கள். ஒரு வருஷம் கழித்து இரண்டு பக்கத்து நோயாளிகளும் முன்னேறியிருந்தார்கள். செயலி இருந்த பக்கம் அதனால் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. இதற்கு மாறாக, இலங்கை, வங்கதேசம், பாகிஸ்தான் ஆகிய மூன்று நாட்டுக் கிராமங்களில் இரத்தக் கொதிப்புக்காரர்களின் வீடுகளுக்குச் சுகாதார ஊழியர்கள் திரும்பத் திரும்பப் போனார்கள். டாக்டர்களுக்கும் பயிற்சி தரப்பட்டது. அங்கே கொதிப்பு மற்ற கிராமங்களைவிடத் தெளிவாகக் குறைந்தது என்று 2020ல் முடிவு வந்தது.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் நமக்குத் தெரிவது என்ன? கைபேசி நல்ல நோட்டுப் புத்தகம். நல்ல மணியோசை. படியேறி வந்து, முகம் பார்த்து, "ஏன் மாத்திரை போடல?" என்று கேட்டு, பதிலைப் பொறுமையாகக் கேட்கிற மனிதர் வேண்டும். அவருக்குப் பின்னால் மருந்து தீராத மருந்தகமும், இடம் காலியில்லாத டாக்டரும் வேண்டும். அந்த மனிதரை எப்படி நடத்துகிறோம் என்பதற்குப் பிறகு வருவோம்.

'சுயநிர்வாகம்' என்ற சொல்லைச் சற்று நிறுத்திப் பார்ப்போம். நோயாளியே தன் வியாதியைக் கவனித்துக்கொள்வது என்று அர்த்தம். பாடியிலும் அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் உள்ள கான்ட்ராக்ட் தொழிலாளி எதைத்தான் சுயமாக நிர்வகிக்கிறான்? வேலை நேரம் சூப்பர்வைசர் கையில். சாப்பாட்டு நேரம் உற்பத்திக் கணக்கின் கையில். சிறுநீர் கழிக்கப் போவதற்குக் கூட ஆள் மாற்றிவிட வேண்டிய கன்வேயர் வரிசைகள் உண்டு. சர்க்கரை ஏறினால் அடிக்கடி சிறுநீர் போகும், தாகம் எடுக்கும். இது வியாதியின் முதல் குணம். இரண்டாந்தரம் எழுந்து போகிறவனை வேலைக் கள்ளன் என்கிறது நிர்வாகம்! அதற்குப் பயந்து தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்ட தொழிலாளிகளை நாமறிவோம்.

இதைவிட அபாயமானது இன்னொன்று. ஒவ்வொரு சங்க ஊழியரும் இதைத் தெரிந்திருக்க வேண்டும். இன்சுலினும், சர்க்கரைக்கான மாத்திரைகளில் சிலவும், சாப்பாடு தவறினால் சர்க்கரையை மளமளவென்று இறக்கிவிடும். கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், கண் இருட்டும், புத்தி தடுமாறும். பிரஸ் மிஷினில் கை வைத்திருப்பவனுக்கு அந்த நிமிஷத்தில் இது வந்தால் விரல் போய்விடும். ஆஸ்பத்திரிக் குறிப்பில் விபத்து என்று எழுதுவார்கள். கவனக் குறைவு என்று நிர்வாகம் சொல்லும். மதியம் ஒரு மணிக்கு மணியடித்திருந்தால் அந்த விரல் இருந்திருக்கும். இந்த மயக்கம் வந்தால் உடனே சர்க்கரை, வெல்லம், இனிப்பான பானம் ஏதேனும் கொடுக்க வேண்டும் என்பதைப் பக்கத்து மிஷின்காரர் தெரிந்துவைத்திருப்பது எந்தச் செயலியைவிடவும் பெரிய உதவி.

2023 ஏப்ரல் 21ல் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி திறக்கும் மசோதா தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேற்றப்பட்டதைத் தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சங்கங்கள் ஒன்றுபட்டு எதிர்த்தன. மூன்றே நாளில் நிறுத்தி வைத்தார்கள். மே தினத்தன்று வாபஸ் என்று அறிவித்தார்கள். அந்தப் போராட்டத்தில் எத்தனை ஆயிரம் பேருடைய கண்ணும் காலும் சிறுநீரகமும் காப்பாற்றப்பட்டன என்று எந்தச் சுகாதார இலாகாவும் கணக்கெடுக்கவில்லை. எட்டு மணி நேரம் என்பது கூலிக் கோரிக்கை மட்டுமல்ல, அது மருந்தும்தான். மத்திய சர்க்கார் 2025 நவம்பர் 21ல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை அமுலுக்குக் கொண்டுவந்தபோது, நாற்பது வயதைக் கடந்த தொழிலாளிக்கு வருஷத்துக்கு ஒரு முறை இலவச உடல் பரிசோதனை உண்டு என்று தம்பட்டம் அடித்தது. அந்தத் தொகுப்புகளை எதிர்த்து நிற்கும் நாம், அதில் உள்ள இந்த ஒரு வரியை முதலாளிகள் மறைத்துவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

1955ல் இதே ஆவடியில்தான் காங்கிரஸ் மகாநாடு கூடி சோஷலிச மாதிரி சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. எழுபது வருஷம் ஓடிவிட்டது. டாங்கித் தொழிற்சாலையிலும் படையுடைத் தொழிற்சாலையிலும் நிரந்தரத் தொழிலாளிக்கு வைத்திய வசதி இருந்தது. அது போராடிப் பெற்றது. 2021 அக்டோபரில் இந்தப் படைத்தளவாட ஆலைகளைக் கம்பெனிகளாக மாற்றினார்கள். ஒரே வாசலுக்குள் நிரந்தரத் தொழிலாளிக்கு ஒரு வைத்தியம், கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு ஒரு வைத்தியம் என்ற பேதத்தை இனியும் ஏற்க முடியாது. இ.எஸ்.ஐ. இருக்கிறதே என்பார்கள். சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டினால் இ.எஸ்.ஐ. கிடையாது என்ற வரம்பு 2017 ஜனவரியில் போட்டது. விலைவாசி அதற்குப் பிறகு எங்கே போய்விட்டது! வருஷக் கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டிய வியாதிக்காரனை, ஐந்நூறு ரூபாய் சம்பள உயர்வு வைத்தியத்திலிருந்து வெளியே தள்ளுகிறது.

பூந்தமல்லிப் பக்கம் போனால் கதை வேறு மாதிரி. திருமழிசை, செம்பரம்பாக்கம் சுற்றுப்புறங்களில் வயல் பிளாட்டாகி, பிளாட் கிடங்காகிவிட்டது. மிஞ்சிய நிலத்தில் களையெடுக்கும் பெண்களுக்கு வெறுங்கால்தான். நீரிழிவு முற்றினால் பாதத்தில் உணர்ச்சி மரத்துவிடும். முள் குத்தினாலும் தெரியாது. புண் சீழ் வைத்த பிறகுதான் தெரியும். பிறகு விரலை எடுப்பார்கள், பிறகு பாதத்தை. சுகாதார ஊழியர் வீட்டுக்கு வரும் பகல் நேரத்தில் இந்தப் பெண்கள் வீட்டில் இருப்பதில்லை. விடியுமுன் புறப்பட்டு விடுகிறார்கள். சேற்றில் நிற்பவரிடம் செருப்புப் போடச் சொல்ல முடியாது. ஆனால் கரையேறியதும் காலைக் கழுவித் துடைத்து, விரலிடுக்கில் புண் இருக்கிறதா என்று தினமும் பார்க்கச் சொல்லலாம். அதைச் சொல்லப் போகிறவர் களத்துக்கே போக வேண்டும். கியூபாவில் இந்தப் பாதப் புண்ணுக்கென்றே ஹெபர்புரோட்-பி என்ற ஊசி மருந்தை சர்க்கார் விஞ்ஞானிகள் கண்டுபிடித்து, 2006 முதல் நோயாளிகளுக்குக் கொடுத்து வருகிறார்கள். அமெரிக்க முற்றுகையில் மூச்சுத் திணறும் சின்னஞ்சிறு நாடு அது!

இன்சுலின் கதையும் நம்மவர் அறிய வேண்டியது. 1921ல் கனடாவின் டொரான்டோ நகரில் அதைக் கண்டுபிடித்தவர்கள், காப்புரிமையைப் பல்கலைக் கழகத்துக்குத் தலைக்கு ஒரு டாலருக்குக் கொடுத்தார்கள். மருந்து மக்களுடையது என்பது அவர்கள் எண்ணம். நூறு வருஷத்துக்குப் பிறகு உலக இன்சுலின் வியாபாரத்தில் பெரும் பகுதி மூன்று கம்பெனிகளின் பிடியில் இருக்கிறது.

இப்போது அந்தப் பட்டரவாக்கத்துச் சகோதரியிடம் திரும்புவோம். அவரைப் போலத் தமிழ்நாடு முழுவதும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இருக்கிறார்கள். பெரும்பாலோர் மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து எடுக்கப்பட்டவர்கள். அவர்களுக்கு வைத்த பெயர் 'தன்னார்வலர்'. கொடுப்பது சம்பளம் அல்லவாம், ஊக்கத் தொகையாம்! தொடக்கத்தில் மாதம் 4,500 ரூபாய், பிறகு 5,500. முப்பது நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 183 ரூபாய். சித்தாள் வேலைக்குப் போனால் இதைவிடப் பல மடங்கு கிடைக்கும். பஸ் கட்டணம், கைபேசிக்கு ரீசார்ஜ், வெயில், நாய்க்கடி எல்லாம் இந்த 183க்குள். பகுதி நேர வேலை என்பார்கள். வேலை முடிந்து மாலையில்தான் தொழிலாளி வீட்டில் இருப்பான்; விடிகாலையில்தான் விவசாயக் கூலி இருப்பாள். அப்படியானால் அந்தச் சகோதரியின் வேலை நாள் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது?

'தன்னார்வலர்' என்ற பெயர் மரியாதைக்காக வைத்ததல்ல. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் தீண்டக் கூடாது, வைப்பு நிதி கேட்கக் கூடாது, பிரசவ விடுப்பு கேட்கக் கூடாது என்பதற்காக வைத்தது. அங்கன்வாடி, ஆஷா, சத்துணவுத் திட்டங்களில் இதே தந்திரத்தை வருஷக் கணக்காகப் பார்த்து வருகிறோம். 2013ல் கூடிய 45வது இந்தியத் தொழிலாளர் மாநாடு, திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரித்துக் குறைந்தபட்சக் கூலியும் சமூகப் பாதுகாப்பும் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. சர்க்கார், முதலாளிகள், சங்கங்கள் மூவரும் உட்கார்ந்த மாநாடு அது. பரிந்துரை அப்படியே கிடக்கிறது. 2022 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு அங்கன்வாடி ஊழியர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. அந்தக் கதவு இந்தச் சகோதரிகளுக்கும் திறக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். கைபேசியில் பதியும் அந்த 268 எங்கே போகிறது? சர்க்கார் ஆஸ்பத்திரி டாக்டருக்குப் போனால் சரி. கம்பெனி நிர்வாகத்துக்குப் போனால்? தொழிற்சாலைக்குள்ளேயே பரிசோதனை நடக்கும்போது இந்தக் கேள்வி தவிர்க்க முடியாதது. சர்க்கரைக்காரன், இரத்தக் கொதிப்புக்காரன் என்று பட்டியல் கிடைத்தால், கான்ட்ராக்டர் அடுத்த மாதம் அந்தப் பெயரைச் சத்தமில்லாமல் அடித்துவிடுவான். பீகாரிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் வந்து ஒரே அறையில் பத்துப் பேராகத் தங்கியிருக்கும் தோழர்கள் இதற்குப் பயந்தே விரலை நீட்ட மறுக்கிறார்கள். அவர்கள் பயம் நியாயமானது. 2023ல் தனிநபர் விவரப் பாதுகாப்புச் சட்டம் ஒன்று நிறைவேறியிருக்கிறது. ஆனால் பட்டரவாக்கத்துச் சந்துக்குச் சட்டம் தானாக நடந்து வராது. பரிசோதனை முடிவு தொழிலாளிக்கும் டாக்டருக்கும் மட்டுமே. நிர்வாகத்துக்கு மொத்த எண்ணிக்கை மட்டும். வியாதியைக் காட்டி யாரையும் வேலை நீக்கக் கூடாது என்று ஒவ்வொரு கம்பெனியிலும் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். நோயாளியிடமும் ஒரு சிறு அட்டை இருக்க வேண்டும், தமிழிலும், தேவைப்பட்டால் இந்தியிலும் ஒடியாவிலும். தன் எண் தனக்கே தெரியாமல் வியாதியை எப்படிக் கவனிப்பது?

விரல் குத்திப் பார்ப்பது அன்றைய நிலையை மட்டுமே காட்டும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். முதல் நாள் பட்டினி கிடந்துவிட்டு மறுநாள் காட்டினால் எண் குறைந்துதான் இருக்கும். சென்ற மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி என்ற இரத்தச் சோதனை உண்டு. அதைக் கேட்டு வாங்குங்கள். கண்ணின் உள்திரையையும் சிறுநீரில் புரதத்தையும் வருஷத்துக்கு ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரையை டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். வேப்பம் கொழுந்தையும் ஆவாரம் பூவையும் நம்பி இன்சுலினை விட்டவர்களை நாம் இழந்திருக்கிறோம்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களில் உள்ள நம் சங்கக் கிளைகள் இந்த மாதக் கூட்டத்தில் இதை முதல் பொருளாக எடுக்க வேண்டுகிறோம். உங்கள் ஷிப்டில் சாப்பாட்டு இடைவேளை எத்தனை மணிக்கு, எத்தனை நிமிஷம், அது எத்தனை நாள் தள்ளிப் போனது என்று ஒரு மாதம் ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டோடு நிர்வாகத்திடம் போங்கள். கேன்டீனில் சுண்டலும் காய்கறியும் கேளுங்கள். உங்கள் தெருவுக்கு வரும் சுகாதார ஊழியரின் வேலை நேரத்தையும் கிடைக்கும் தொகையையும் விசாரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தச் சகோதரிகள் சங்கம் அமைக்க முன்வந்தால் கூட்டம் போட நம் அலுவலக அறையைத் திறந்து கொடுங்கள். விவசாயத் தொழிலாளர் சங்கத் தோழர்கள், களத்து மேட்டில் விடிகாலைப் பரிசோதனை நடத்தக் கோரி ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் மனுக் கொடுக்க வேண்டும். கிளைகள் எழுதி வைக்கும் இடைவேளைக் கணக்குகள், கம்பெனிப் பெயர், ஷிப்டு விவரத்துடன், அடுத்த மாதம் பத்தாம் தேதிக்குள் வட்டாரக் கமிட்டிக்கு வந்து சேர வேண்டும்.